"அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று பிள்ளைகள் சொன்னால் சம்மதப் பத்திரத்தில் யார் கையொப்பம்?

கேள்வி: தோட்டத்துணை

வணக்கம். தோட்டங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் துணையாகப் போகிற வேலை எனக்கு. ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம், விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

61 வயது அம்மா. கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். வெத்தலையை ஒதுக்கி வைக்கிற வலது கன்னத்தோரம், கீழ்த்தாடையை ஒட்டி மூன்று மாதமாக ஆறாத புண். பயொப்சி எடுத்ததில் கான்சர் என்று வந்திருக்கிறது. தாடை எலும்பில் ஒரு துண்டு, கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாம் எடுக்க வேண்டும், பிறகு ஆறு கிழமை கரண்டு (கதிர்ச்சிகிச்சை) வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொன்னது மகன்மாருக்கு. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் "சீழ்க்கட்டி, சுத்தம் பண்ணப் போறாங்க" என்பது மட்டும்தான்.

மூத்தவர் கொழும்பில் வேலை. "தெரிஞ்சா அன்னைக்கே சோத்த விட்டுடும், நான் சைன் வைக்கிறேன்" என்கிறார். படிவம் சிங்களத்தில். வார்டில் அதை அம்மாவுக்கு விளக்கியது பதின்மூன்று வயதுப் பேத்தி. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம்.

மகன் வைக்கிற கையொப்பம் செல்லுமா? மறைத்தே வைத்தியத்தை முடித்துவிட முடியுமா? மொழிபெயர்க்க யாரைப் பிடிப்பது? எல்லாம் கேட்டபிறகு அம்மா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரி கைவிட்டுவிடுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வார்டு மிஸ்ஸி

முதல் கேள்விக்கு நேரே பதில்: செல்லாது. நினைவு தெளிவாக உள்ள, 18 வயது தாண்டிய ஆளுக்குப் பதிலாக மகனோ கணவனோ வைக்கிற கையொப்பம் சம்மதம் ஆகாது. வார்டில் அப்படி வாங்குகிற வழக்கம் இருக்கிறது என்பது வேறு கதை. உறவுக்காரர் சாட்சியாக வைக்கலாம், அவ்வளவுதான்.

கைநாட்டு பற்றி. இடது பெருவிரல் வைத்து, பக்கத்தில் சாட்சி தன் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, நேரம் எழுத வேண்டும். அதோடு "தமிழில் விளக்கப்பட்டது, விளக்கியவர் இன்னார்" என்று ஒரு வரி. இந்த வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சிங்களப் படிவம்தான் இருக்கிறதென்றால் அதன் வெற்றிடத்தில் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தடுக்க முடியாது. அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கிளினிக் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் அதையும் இப்போதே சரி பண்ணுங்கள். பயொப்சி ரிப்போட் ஒரு பெயரிலும் பி.எச்.டி. (வார்டில் நோயாளிக்கு எழுதும் குறிப்பேடு) இன்னொரு பெயரிலும் கிடந்தால் தியேட்டர் வாசலில் வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

பேத்தி வேண்டவே வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை பாட்டியிடம் "தாடையை வெட்டுவாங்க" என்று சொல்லாது. சொன்னாலும் "கொஞ்சம் வெட்டுவாங்க" என்று தேய்த்துச் சொல்லும், பாட்டி கேட்கும் கேள்வியையும் டொக்டருக்கு முழுசாகக் கொண்டுபோகாது. அட்டெண்டனைக் கூப்பிட்டு நின்ற நிலையில் கேட்பதும் அப்படித்தான். வார்டில் தமிழ் பேசும் தாதி இல்லாவிட்டால் கிளினிக், ஓபீடி, பல் பகுதி என்று வேறு யூனிட்டில் இருப்பார். சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் பத்து நிமிடத்துக்கு அனுப்புவார்கள். அதுவும் முடியாவிட்டால் உங்கள் பகுதி குடும்பநல மாதுவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: சுருக்கக் கூடாது, சேர்க்கவும் கூடாது. டொக்டர் இரண்டு வசனம் சொன்னதும் நிறுத்தி அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் பேசவிட்டு "ஒண்ணும் பயமில்லையாம்" என்று முடித்தால் அது மொழிபெயர்ப்பு இல்லை.

நேரமும் முக்கியம். ஆப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் எச்.ஓ. (வார்டின் இளம் டொக்டர்) ஒரு கட்டுப் படிவங்களோடு வருவார், ஒரு ஆளுக்கு நாலு நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் கேள்வி கேட்க முடியாது. பேச வேண்டியதைக் கிளினிக் நாளிலேயே பேசிவிட வேண்டும். (பிரசவ வலி நேரத்தில் கருத்தடை ஆப்பரேஷனுக்குக் கைநாட்டு வாங்குவதும் இதே பிழைதான். அது கர்ப்பிணி கிளினிக்கில் மாதக்கணக்காய் முன்னமே பேசி முடித்திருக்க வேண்டிய காரியம்.)

பதில் 2: தாடை சத்திரசிகிச்சை

மிஸ்ஸி சொன்னது அத்தனையும் சரி. நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறைத்து வைத்தியத்தை முடிக்க முடியுமா என்றால், வேறு சில நோய்களில் ஓரளவுக்கு ஓட்டிவிடலாம். வாய்ப்புற்றில் முடியாது. ஒழுக்கம் பற்றிச் சொல்லவில்லை, வைத்தியமே நடுவழியில் அறுந்துபோகும். எங்கெங்கே என்று சொல்கிறேன்.

முதலில் பல். கதிர் படப்போகிற தாடையில் சொத்தையோ ஆட்டமோ உள்ள பற்களை முன்கூட்டியே பிடுங்க வேண்டும், கதிர் தொடங்குவதற்குக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளி விட்டு. பின்னால் பிடுங்கினால் இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு ஆறாது, செத்துப்போய் வாய்க்குள் தெரியும். சீழ்க்கட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிற அம்மா, "அந்தப் பக்கத்துப் பல்லு வலிக்கவே இல்லையே" என்று வாயை மூடிக்கொள்வார். அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அது நியாயமான பேச்சு.

அடுத்தது கண் விழிக்கும் நேரம். தாடையையும் நாக்கின் அடியையும் தொடும் பெரிய ஆப்பரேஷனில் வீக்கம் மூச்சை அடைக்கும் என்பதால் பல சமயம் கழுத்தில் தற்காலிகமாகத் துளை வைத்து மூச்சு விட வைப்போம். அது இருக்கும்வரை குரல் வராது. மூக்கு வழியாக டியூப், சாப்பாடு அதில்தான், ஒரு கிழமை பத்து நாள். யாரும் சொல்லாமல் இருந்து, விழிக்கும்போது கழுத்தில் ஓட்டையும் வாயில் பேச்சில்லாமலும் இருந்தால் அந்த மனுஷி டியூபைப் பிடுங்கத்தான் பார்ப்பார், பிறகு கையைக் கட்ட வேண்டி வரும். எழுதத் தெரியாதவர் என்கிறீர்கள், ஆகவே முதல் நாளே கைச்சாடை பேசி வையுங்கள்: கழுத்தைத் தொட்டால் சளி உறிஞ்ச வேண்டும், கன்னத்தைத் தொட்டால் வலி, உதட்டைத் தொட்டால் தாகம், கட்டிலை இரண்டு தட்டுத் தட்டினால் மூச்சு முட்டுகிறது. ஒரு தாளில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினால் இரவு டியூட்டிக்காரருக்கும் விளங்கும்.

பிறகு கதிர்ச்சிகிச்சை. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் அழுத்தி அச்செடுப்பார்கள். அது இறுகி மாஸ்க் ஆனதும் அதோடு சேர்த்து முகத்தை மேசையில் பூட்டுவார்கள். அறையில் சில நிமிடம் தனியாகப் படுக்க வேண்டும். கரண்டு என்று பேச்சில் சொன்னாலும் ஷொக் அடிக்காது, அந்த நேரத்தில் வலிக்காது, ஆனால் அசையக்கூடாது. ஆப்பரேஷனுக்குப் பிந்திய வழக்கமான அளவு 60 கிரே, 30 தடவையாகப் பிரித்து, கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஆறு கிழமை. காயம் ஆறி, ஆப்பரேஷன் நடந்து ஆறு கிழமைக்குள் தொடங்கினால் நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய கண்டம் மூன்றாவது கிழமை. வாய் முழுக்க வெந்து புண்ணாகும், எச்சில்கூட விழுங்க முடியாது, உப்புக் கொப்பளிப்பே எரியும். கடைசிவரை கூடிக்கொண்டே போய், முடிந்து சில கிழமையில்தான் ஆறும். இதை முன்னமே சொல்லி வைத்த நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். சீழ்க்கட்டி என்று நம்புகிறவர் என்ன நினைப்பார்? "வரும்போது ஒரு புண், இப்ப வாயெல்லாம் புண், இவங்க கெடுத்துட்டாங்க." டிக்கட் வெட்டச் சொல்லிவிட்டு (டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கி) வீட்டுக்குப் போவார். பாதியில் நின்ற கதிர்ச்சிகிச்சையில் மிஞ்சிய புற்றுக் கலங்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும் அதே பலன் வராது. வைத்தியத்தின் எல்லாக் கஷ்டத்தையும் பட்டு, பலனை மட்டும் இழக்கிற வழி இது.

வெத்தலை, பாக்கு, புகையிலையும் அப்படித்தான். பாக்கே புற்றை உண்டாக்கும், புகையிலை போடாமல் மென்றாலும். சும்மா கட்டி என்று நம்புகிறவர் வாய் ஆறின மறுநாளே பையைத் திறப்பார்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். குடும்பத்திடம் சொல்லுமுன்னே அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இப்போதும் பிந்திவிடவில்லை: "அம்மா, உங்கட ரிப்போட் வந்திருக்கு. விவரத்தை உங்ககிட்டேயே சொல்லவா, இல்ல மகன்கிட்ட சொன்னாப் போதுமா?" அவர் "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, பெரியவன்கிட்ட பேசுங்க" என்று தன் வாயால் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். அப்படியே பி.எச்.டி.யில் எழுதுவோம். அப்போதும் உடம்புக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நோயின் பெயரை மட்டும் விடலாம். மகன் சொல்லி நாங்கள் மறைப்பதும், அம்மா சொல்லி நாங்கள் நிறுத்துவதும் வெளியே பார்க்க ஒன்று போல இருக்கும். பொறுப்பு யாருடையது என்பது அங்கேதான் மாறுகிறது.

"சொல்லுங்க" என்றால் மெதுவாகப் போங்கள். "உங்களுக்கு என்ன நோவுன்னு நெனைக்கிறீங்க?" என்று முதலில் கேட்டுப்பாருங்கள். பல பேர் தாங்களாகவே சந்தேகப்பட்டுத்தான் இருப்பார்கள். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள், இரண்டு நிமிடம் அழட்டும். கடைசியில், "வீட்டுக்குப் போனா மருமகள்கிட்ட என்ன ஆப்பரேஷன்னு சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக்காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து எலும்பு, கழுத்து, டியூப், ஆறு கிழமை எல்லாம் வந்தால் விளங்கியிருக்கிறது. "சரிங்க டொக்டரய்யா" என்று மட்டும் வந்தால் இல்லை. தோட்டத்தில் துரை சொன்னாலும் டொக்டர் சொன்னாலும் முதலில் வருகிற வார்த்தை அது, அதை நம்பிப் படிவத்தை நீட்டக்கூடாது.

பதில் 3: பசறைக்காரன்

டொக்டர் சேர் சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் ஆறு கிழமை கண்டியில் கூட இருக்கப்போவது யார்? மருமகள். அவளுடைய பேர் (தோட்டத்து நாள் வேலைப் பதிவு) போகும், நாள் சம்பளம் போகும். நகையை அடகு வைப்பவன் மகன். செலவும் உழைப்பும் குடும்பத்தினுடையது, முடிவு மட்டும் தனி ஆளுடையதா? வெளிநாட்டில் தனித்தனியே வாழ்கிறவர்களுக்கு எழுதின சட்டத்தைப் பத்தடி லயக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள்) கொண்டுவந்தால் எப்படி? மகன்மார் கெட்ட எண்ணத்திலா மறைக்கிறார்கள்?

பதில் 4: தாடை சத்திரசிகிச்சை

கெட்ட எண்ணம் என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. நீங்கள் லயத்தைச் சொன்னீர்கள், நானும் அங்கிருந்தே சொல்கிறேன். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பம். மகன் போனில் பேசினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஒரு கிழமையில் பீலிக்கரையில் யாராவது ஒரு அக்கா "உனக்குப் புத்துநோயாமே" என்று அம்மாவிடம் கேட்பார். அங்கே டொக்டரும் இல்லை, மகனும் இல்லை, மருந்து இருக்கிறது என்று சொல்ல ஆளும் இல்லை. லயத்தில் ரகசியம் நிற்காது என்பதே நேரத்தோடு சொல்வதற்குக் காரணம்.

செலவு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அதனால்தான் குடும்பம் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். அம்மாவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். யார் கூட இருப்பது, பேரப்பிள்ளையை யார் பார்ப்பது, தங்குவதா போய்வருவதா என்று பேசும்போது அம்மாவுக்குத்தான் அந்த வீட்டின் கணக்கு நன்றாகத் தெரியும். கண்டி தேசிய வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை என்றால் மஸ்கெலியா, இராகலைப் பக்கத்து ஆள் தினம் பஸ்ஸில் போய்வர முடியாது. வார்டில் தங்க இடம் கேட்பதை மாஸ்க் எடுக்கிற நாளிலேயே செய்ய வேண்டும்.

பதில் 5: சட்டப்பக்கம்

சட்டத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன். இலங்கையில் நோயாளியின் சம்மதத்துக்கென்று தனிச்சட்டம் தேடத் தேவையில்லை. இங்கே தீங்கியலில் (ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கேட்கும் சட்டத்தில்) ரோமன் டச்சுச் சட்டம் நடைமுறையில் உள்ளது, அதன்படி சம்மதமில்லாமல் ஒருவர் உடம்பில் கத்தி வைப்பது அவருக்கு இழைக்கும் தீங்கு. வைத்தியம் வெற்றியா தோல்வியா என்பது அதில் கேள்வியே அல்ல. விதிவிலக்கு, நினைவில்லாத நிலையில் உயிர் காக்கும் அவசரம். அப்போது உறவினர் கையொப்பத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

முதுமை, எழுத்தறிவின்மை, அழுகை, பயம் இவை எதுவும் முடிவெடுக்கும் தகுதியைப் பறிப்பதில்லை. சொன்னதை விளங்கிக்கொள்கிறாரா, முடிவெடுக்கும்வரை நினைவில் வைக்கிறாரா, நல்லது கெட்டதை எடைபோடுகிறாரா, முடிவைத் தெரிவிக்கிறாரா என்று நான்கையும் பார்ப்பார்கள். எடுத்த முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பது தகுதியின்மைக்கு ஆதாரம் ஆகாது.

மொழி உரிமை இன்னும் உறுதியானது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆம் திருத்தத்தின்பின், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெற 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியும் இதற்குள் வரும். மீறினால் 1991ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமையோடு மொழி உரிமை மீறலுக்கும் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஆப்பரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து வருகிறவர்கள் இந்தக் கதவை மூடிவிட்டுத்தான் வருகிறார்கள்.

நடைமுறையில் வழக்குவரை போவதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் போதும். ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு, பிரதி வார்டுக்கு: நோயாளி பெயர், பி.எச்.டி. இலக்கம், "சத்திரசிகிச்சைக்கு முன் தமிழில் விளக்கம் தேவை, உறவினர் அல்லாத மொழிபெயர்ப்பாளர் தேவை" என்ற வேண்டுகோள், அம்மாவின் கைநாட்டு. தமிழிலேயே எழுதுங்கள். கடிதம் பெற்றதற்குப் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

பதிவேடுகளின் பிரதி வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். அதன் பிரிவு 5இல் மருத்துவப் பதிவேடு பற்றிய விலக்கு இது: ஒருவரின் பதிவேட்டை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது, அவர் எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம். மகன் கேட்டாலும் அம்மாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம்.

தோட்டத்துணை

எல்லாருக்கும் நன்றி. கடிதம் நாளை எழுதுகிறேன், மூத்தவரிடம் மூன்றாம் கிழமைக் கதையைச் சொல்லப் போகிறேன், மற்றதைவிட அதுதான் அவருக்கு ஏறும். ஒன்று மட்டும் பாக்கி. அம்மா எல்லாம் கேட்டுவிட்டு "வெட்ட வேண்டாம், இருக்கிறவரை இருந்துட்டுப் போறேன்" என்றால்? "டிக்கட் வெட்டிட்டுப் போனா திரும்ப எடுக்க மாட்டாங்க" என்று தோட்டத்தில் எல்லாரும் நம்புகிறார்கள்.

பதில் 6: வார்டு மிஸ்ஸி

எடுப்பார்கள். வைத்திய ஆலோசனைக்கு மாறாகப் போகிறேன் என்று எழுதிக் கைநாட்டு வைப்பது அந்த நாளைய ஆப்பரேஷனுக்கு மட்டும்தான், ஆஸ்பத்திரிக் கதவுக்கு அல்ல. டயக்னோசிஸ் கார்ட் (வெளியேறும்போது தரும் நோய்விவர அட்டை) வாங்காமல் மட்டும் கிளம்பாதீர்கள். அதில் பயொப்சி முடிவும் ஸ்கேன் முடிவும் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் எல்லாம் முதலிலிருந்து.

ஏன் வேண்டாம் என்கிறார் என்றும் கேளுங்கள். முகம் கோணிப்போகும் என்ற பயமா, மருமகளுக்குப் பாரம் என்ற எண்ணமா, முன்பு யாராவது தியேட்டரில் இறந்த கதையா? பாரம்தான் காரணமென்றால் அது குடும்பம் பேசித் தீர்க்கிற விஷயம். முகம் என்றால் டொக்டர் படம் காட்டிப் பேசலாம். இரண்டு கிழமைக்குள் ஒரு கிளினிக் திகதி வாங்கி வையுங்கள். புற்று மாதக்கணக்காய்க் காத்திருக்காது, இன்று வெட்டக்கூடியது பிறகு வெட்ட முடியாமல் போகும். இதை மிரட்டாமல் ஒரே தடவை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கடைசிவரை வேண்டாம் என்றே நின்றாலும் வலிக்கு மருந்து உண்டு. மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயந்து மருந்தை ஒளித்து வைக்கிற வீடுகள் நிறைய. சரியான அளவில் அப்படி நடக்காது. சாதாரண மோர்பின் நான்கு மணிக்கொரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு. முதல் நாளிலிருந்தே மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்த்து வாங்குங்கள், அதை விட்டால் நாலாம் நாள் வயிறு கட்டிக்கொண்டு "மோர்பின் ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். புண் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் பொடித்துப் புண்ணில் வைக்கும் முறை இருக்கிறது, அளவை டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். இரத்தம் கசியலாம் என்றால் வீட்டில் கறுப்பு அல்லது கடும் சிவப்புத் துவாய் இரண்டு தயாராக இருக்கட்டும். வெள்ளைத் துணியில் கொஞ்ச இரத்தமும் நிறையத் தெரியும், அம்மாவும் பேரப்பிள்ளைகளும் பயந்துபோவார்கள். யாருக்குப் போன் பண்ணுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை டயக்னோசிஸ் கார்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் சொருகி வையுங்கள். இரவில் தேட வேண்டியிருக்காது.